மரச்சட்டச் சுவர் எவ்வாறு நிற்கிறது: வளவில் கொட்டில் அமைப்போருக்கான பாடம்

கல்லாலும் சீமெந்துக் கற்களாலும் கட்டப்பட்ட வீடுகளில் வளர்ந்தவர்களுக்குக் கனடாவின் மரச்சட்டச் சுவர் எளிதில் நம்பிக்கை தருவதில்லை. தட்டினால் உள்ளே வெறுமை ஒலிக்கிறது. பலமாக உதைத்தால் உடைந்துவிடும் போலத் தோன்றுகிறது. ஆயினும் ஒன்ராறியோவின் பெரும்பாலான தனிவீடுகள் இத்தகைய சுவர்களிலேயே தங்கியுள்ளன; குளிர்காலம் முழுவதும் கூரைப்பனியையும் சுமக்கின்றன. யாழ்ப்பாணத்துக் கற்சுவர் தன் பாரத்தினால் நிற்கிறது. மரச்சட்டச் சுவருக்கு அத்தகைய பாரம் இல்லை. அது தன் இணைப்புகளினால் நிற்கிறது. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாமல் வேலையைத் தொடங்குபவர் தடித்த மரத்தை வாங்கி, ஆணியைக் குறைத்து அடிப்பார். செய்ய வேண்டியதோ பெரும்பாலும் அதற்கு எதிர்மாறானது.

பனியகற்றும் இயந்திரம், புல்வெட்டி, துவிச்சக்கரவண்டிகள், ஆண்டுக்கு இருமுறை மட்டும் வெளியே வரும் பெரிய கிடாரம் ஆகியவற்றை வைக்கப் பின்வளவில் ஒரு கொட்டில் வேண்டும் என்ற தேவையே பலரையும் இவ்வேலைக்கு இழுத்துவருகிறது. இப்பாடம் 10 அடி அகலமும் 14 அடி நீளமும் கொண்ட, கொங்கிறீற்றுத் தளத்தின் மீது அமையும் ஒரு கொட்டிலை உதாரணமாகக் கொண்டு, அதன் நான்கு சுவர்களையும் சட்டமிட்டு நிறுத்தும் முறையை விளக்குகிறது. சிறிய கராஜ் ஒன்றுக்கும் அடிப்படை இதுவே. வேறுபடும் இடங்கள் ஆங்காங்கே குறிப்பிடப்படுகின்றன.

மரம் வாங்குவதற்கு முன்

ஒன்ராறியோவின் தற்போதைய கட்டடக் கோவையின்படி, 15 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ 161 சதுர அடி வரையான கொட்டிலுக்குக் கட்டட அனுமதி தேவையில்லை. ஆனால் அது வேறு எந்தக் கட்டடத்தோடும் ஒட்டியிருக்கக் கூடாது, ஒரு தளத்துக்கு மேற்படக் கூடாது, நீர்க்குழாய் வசதி கொண்டிருக்கக் கூடாது. வளவில் உள்ள பிரதான கட்டடத்துக்குத் துணையாகப் பொருட்களை வைப்பதற்கு மட்டுமே அது பயன்பட வேண்டும். முன்னர் இந்த எல்லை 10 சதுர மீற்றராக இருந்தது. பழைய அளவை இன்றும் சொல்பவர்கள் உள்ளனர். உதாரணக் கொட்டில் 140 சதுர அடி, அதாவது 13 சதுர மீற்றர். ஆகவே அது இவ்விலக்கினுள் அடங்கும். 12 அடிக்கு 22 அடி அளவுள்ள ஒற்றைக் கராஜ் ஏறத்தாழ 24.5 சதுர மீற்றர் ஆதலால், அதற்கு அனுமதி கட்டாயம் வேண்டும்.

அனுமதி வேண்டாம் என்பதன் பொருள் விதி வேண்டாம் என்பதன்று. வேலியிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்டுவது, எவ்வளவு உயர்த்தலாம், காணியில் எத்தனை வீதத்தைக் கட்டடங்கள் மூடலாம் என்பனவற்றை ஒவ்வொரு நகரசபையின் வலயமாக்கல் துணைவிதியும் தனித்தனியே வகுக்கிறது. ஸ்கார்பரோவில் உறவினர் கட்டிய அளவு மார்க்கத்தில் பொருந்தும் என்று எண்ணிக் கட்டி முடித்த பின், எல்லைக்கு மிக அருகே நிற்கும் கொட்டிலை நகர்த்த நேர்ந்தால் செலவு முதல் செலவையும் மிஞ்சிவிடும். காணியின் அளவைப் படத்தில் கொட்டிலின் இடத்தைக் கீறி, நகரசபையின் கட்டடப் பிரிவில் காட்டிக் கேட்பதற்கு அரை நாள் செலவிடுவது நன்று.

தளத்துக்காகவோ தூண்களுக்காகவோ நிலத்தைத் தோண்டுமுன் ஒன்ராறியோ ஒன் கோல் சேவைக்கு அறிவிப்பது சட்டப்படியான கடமை. நிலத்தடியில் செல்லும் எரிவாயு, மின்சாரம் முதலியவற்றின் பாதையை அவற்றின் உரிமையாளர்கள் நிலத்தில் வண்ணமிட்டுக் காட்டுவர். வீட்டுக்காரருக்கு இதற்குக் கட்டணம் இல்லை. கொட்டிலுக்கு மின்விளக்கு இழுப்பதாயின் மின் பாதுகாப்பு அதிகார சபைக்குத் தனியாக அறிவிக்க வேண்டும். கட்டட அனுமதி வேண்டாத கொட்டிலுக்கும் இது பொருந்தும்.

மூன்று திசைகளில் வரும் விசை

சுவரின் மீது விசை மூன்று வழிகளில் வருகிறது. கூரையும் அதன் மீதுள்ள பனியும் கீழ்நோக்கி அழுத்துகின்றன. காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது. அதே காற்று கூரையைப் பிடித்து மேல்நோக்கியும் இழுக்கிறது.

முதலாவதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நிலைக்குத்தாக நிற்கும் மரங்களை நிலைச்சட்டம் என்று அழைக்கலாம். கடையில் அவற்றை ஸ்டட் என்பார்கள். ஒரு நிலைச்சட்டம் நீளவாக்கில் தாங்கக்கூடிய பாரம் வியப்பூட்டும் அளவுக்கு அதிகம். சிறு கொட்டில் விழுவதற்கு நிலைச்சட்டம் நசுங்குவது காரணமாவது அரிது.

இரண்டாவது மறக்கப்படுகிறது. நான்கு சட்டங்களை ஆணியடித்துச் செவ்வகமாக்கி ஒரு மூலையைத் தள்ளினால், அது சாய்ந்து இணைகரமாகிவிடும். ஆணிகள் உடையாமலே சாயும். மூலைகளில் இன்னும் பத்து ஆணி அடித்தாலும் இதைத் தடுக்க இயலாது. செவ்வகத்தைச் சாயாமல் வைத்திருப்பது அதன் மீது முழுவதும் ஆணியடிக்கப்படும் உறைப்பலகை. பிளைவூட் அல்லது ஓஎஸ்பி எனப்படும் அழுத்திய மரச்சீவற் பலகையே இதற்குப் பயன்படுகிறது. பழைய தச்சர்கள் மூலைவிட்டமாக ஒரு சட்டத்தைப் பதித்ததும் இதே காரணத்துக்காகத்தான். உறைப்பலகை குளிரை மறைக்கும் போர்வை என்று எண்ணுவோர் பலர். உண்மையில் சுவரின் பக்கவாட்டு வலிமை முழுவதும் அதிலேயே தங்கியுள்ளது.

மூன்றாவது, ஒரு பெருங்காற்று வரும்வரை தென்படுவதில்லை. 2022ஆம் ஆண்டு மே 21ஆம் திகதி தென் ஒன்ராறியோவைக் கடந்த புயற்காற்று மரங்களையும் மின்கம்பங்களையும் வீழ்த்திச் சென்றதைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய காற்றில் கூரையைச் சுவரோடும், சுவரைத் தளத்தோடும் பிணைப்பவை உலோக இணைப்புகளே. பாரமான கற்சுவருக்கு இக்கவலை குறைவு. மரக்கொட்டிலோ தளத்தோடு பிணைக்கப்படாவிட்டால் அயலவரின் வளவுக்குப் போய்விடக்கூடும்.

மரத்தின் பெயரும் மரத்தின் அளவும்

கடையில் டூ பை ஃபோர் என்று விற்கப்படும் மரம் 2 அங்குலத்துக்கு 4 அங்குலம் அன்று. உலர்த்திச் சீவிய பின் அது 1½ அங்குலத்துக்கு 3½ அங்குலம், அதாவது 38 மில்லிமீற்றருக்கு 89 மில்லிமீற்றர். இந்த அரை அங்குலத்தை மறந்துவிட்டுக் கணக்கிட்டால் நான்கு சுவர்களும் ஒன்றோடொன்று பொருந்தா. உதாரணக் கொட்டிலில் இரு நீளச்சுவர்களும் முழு 14 அடி, அதாவது 168 அங்குலம் ஓடுகின்றன. குறுகிய சுவர்கள் அவற்றின் இடையே அமைகின்றன. ஆகவே குறுகிய சுவரின் நீளம் 120 அங்குலம் அன்று. இருபுறமும் 3½ கழித்து 113 அங்குலம். நான்கு நான்காகக் கழித்தவர் 112 அங்குலச் சுவரைச் செய்து, ஓர் அங்குல இடைவெளியோடு நிற்பார்.

மரத்தில் குத்தப்பட்டுள்ள முத்திரையில் எஸ்-டிரை என்ற குறி இருப்பது நன்று. அறுத்துச் சீவும்போது ஈரப்பதன் 19 வீதத்துக்கு மேற்படவில்லை என்பதற்கு அது அடையாளம். ஈரமரம் சுவரில் நின்று உலரும்போது முறுகும். ஒவ்வொரு மரத்தையும் கண்ணருகே பிடித்து நீளவாக்கில் பார்த்தால் சிறு வளைவு தெரியும். வளைந்த பக்கம் எல்லாச் சட்டங்களிலும் ஒரே திசையை நோக்கும்படி அடுக்க வேண்டும். மாறி மாறி வைத்தால் உறைப்பலகை அலையலையாக அமையும். மிகவும் வளைந்தவற்றைக் குட்டைத் துண்டுகளுக்கு ஒதுக்கலாம்.

தளத்தில் படும் அடிச்சட்டம் மட்டும் பூச்சிக்கும் உக்கலுக்கும் எதிராக மருந்து அழுத்தி ஏற்றிய மரமாக இருக்க வேண்டும். அம்மருந்தில் செம்பு கலந்திருப்பதால் சாதாரண ஆணி விரைவில் துருப்பிடிக்கும். சூடான துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த ஆணிகளையே அங்கு அடிக்க வேண்டும். வெட்டிய முனைகளுக்கு அதே வகை மருந்தைத் தூரிகையால் பூசுவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் முதலில் குடிபுகுவது அந்த முனையில்தான்.

தளத்தை அளத்தலும் குறியிடலும்

தளம் நேர்மூலையாக உள்ளதா என்பதை மூலைவிட்டங்களே சொல்லும். 10 அடிக்கு 14 அடித் தளத்தின் இரு மூலைவிட்டங்களும் 17 அடி 2½ அங்குலமாக, ஒன்றுக்கொன்று சமமாக இருக்க வேண்டும். தளம் சிறிது கோணலாக இருந்தால், தளத்தின் ஓரத்தைப் பின்பற்றாமல் சுண்ணாம்புநூலால் சரியான செவ்வகத்தைத் தளத்தின் மீது அடித்து, அக்கோட்டிலேயே சுவரை நிறுத்த வேண்டும். கோணலை அடித்தளத்திலேயே நிறுத்திவிடாவிடில் அது கூரை வரை ஏறும். அங்கு அதைத் திருத்த வழியில்லை.

தளம் சுற்றியுள்ள மண்ணைவிட உயர்ந்திருக்க வேண்டும். மரத்தாலான வெளிப்பூச்சுப் பலகையின் கீழ்விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையே 200 மில்லிமீற்றர், அதாவது ஏறத்தாழ 8 அங்குலம் இருப்பது விதி. உருகும் பனியும் தெறிக்கும் மழையும் கொட்டிலை அரிப்பது இங்கிருந்துதான்.

இனி நிலைச்சட்டங்களின் இடைவெளி. கூரையை மட்டும் தாங்கும், 3 மீற்றருக்கு மேற்படாத உயரமுள்ள சுவரில் இவ்வளவு மரத்தை 24 அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்தக் கட்டடக் கோவை இடமளிக்கிறது. ஆனால் 16 அங்குல இடைவெளியே பரவலான வழக்கம். 14 அடிச் சுவரில் முதலாவது முறைக்கு 8 நிலைச்சட்டங்களும் இரண்டாவதற்கு 12உம் வேண்டும். நான்கு மரங்களின் விலைக்கு உறைப்பலகை இறுக்கமாக நிற்பதோடு, தட்டுகளையும் கொக்கிகளையும் மாட்டவும் இடம் கிடைக்கிறது. முதன்முறையாகக் கட்டுபவர் 16 அங்குலத்தைத் தெரிந்துகொள்வதே உகந்தது.

இந்த எண்கள் தற்செயலானவை அல்ல. உறைப்பலகை 48 அங்குல அகலமும் 96 அங்குல உயரமும் உடையது. 16உம் 24உம் 48ஐ மீதியின்றி வகுக்கும். பலகையின் விளிம்பு ஒரு நிலைச்சட்டத்தின் நடுவில் முடிந்தால்தான் அடுத்த பலகையும் அதே சட்டத்தில் ஆணி பிடிக்கும். ஆகவே சட்டத்தின் நடு 16, 32, 48 ஆகிய அளவுகளில் விழ வேண்டும். சட்டத்தின் தடிப்பு 1½ அங்குலம் ஆதலால், அதன் முன்விளிம்பைக் குறிப்பவர் முக்கால் அங்குலம் குறைத்து 15¼, 31¼, 47¼ என்று கோடிட்டு, கோட்டுக்கு அப்பால் பெருக்கல் அடையாளம் இடுவார். அந்த அடையாளத்தின் மீதே மரம் அமரும். கோட்டின் எப்பக்கம் மரம் என்று எழுதாமல் விடுவதனால் ஏற்படும் தவறே புதியவர்களிடம் மிகுதி.

குறுகிய சுவரில் ஒரு நுட்பம் உண்டு. அதன் உறைப்பலகை நீளச்சுவரின் வெளிமுகத்திலிருந்தே தொடங்குவதால், அங்கிருந்தே அளக்க வேண்டும். எனவே குறுகிய சுவரின் முனையிலிருந்து முதற்கோடு 15¼ இல் அன்று, 3½ கழித்து 11¾ இல் விழும். அதன்பின் வழக்கம்போல 16 அங்குலம் கூட்டிக்கொண்டு போகலாம்.

அடிச்சட்டத்தையும் மேற்சட்டத்தையும் அருகருகே வைத்து, இரண்டிலும் ஒரே நேரத்தில் குறியிட்டால் நிலைச்சட்டங்கள் சாய வாய்ப்பில்லை.

உயரம் பற்றியும் சிந்திக்க வேண்டும். கடையில் முன்கூட்டியே வெட்டி விற்கப்படும் நிலைச்சட்டம் 92⅝ அங்குலம். அடிச்சட்டம் ஒன்றும் மேற்சட்டம் இரண்டும் சேர்ந்து 4½ அங்குலம். ஆக, சுவர் 97⅛ அங்குலமாகிறது. உள்ளே சுவர்ப்பலகை அடிக்கும் வீடுகளுக்கு இது பொருத்தம். ஆனால் 96 அங்குல உறைப்பலகை இச்சுவரை முழுவதும் மூடாது; அடியிலோ மேலேயோ ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் திறந்துகிடக்கும். கொட்டிலுக்கு நிலைச்சட்டத்தை 91½ அங்குலமாக வெட்டினால் சுவரின் மொத்த உயரம் சரியாக 96 ஆகும். அப்போது ஒரே பலகை அடிச்சட்டத்தையும் இரு மேற்சட்டங்களையும் சேர்த்துப் பிடிக்கும். காற்று மேலே இழுக்கும்போது இப்பிடிப்புப் பெரிதும் உதவும்.

வாசலின் மேலுள்ள பாரம்

கதவுக்கும் யன்னலுக்கும் இடம் விடும்போது சில நிலைச்சட்டங்களை அகற்ற நேர்கிறது. அவை தாங்க வேண்டிய பாரம் மறைந்துவிடுவதில்லை. வேறு வழியில் அதை நிலத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அதற்காகவே வாசலின் மேல் ஓர் உத்தரம் படுக்கையாக வைக்கப்படுகிறது. கடையிலும் அனுமதிப் படத்திலும் இதனை ஹெடர் என்பர். சீமெந்துச் சுவரில் வாசலின் மேல் லிண்டல் செய்யும் வேலையை இது செய்கிறது.

உத்தரம் ஆணியில் தொங்கக் கூடாது, மரத்தின் மேல் அமர வேண்டும். இவ்வொரு வாக்கியத்தை விளங்கிக்கொண்டால் வாசலின் அமைப்பு முழுவதும் விளங்கும். வாசலின் இருபுறமும் அடியிலிருந்து மேல்வரை செல்லும் முழு நிலைச்சட்டம் ஒன்று நிற்கும். அதன் உட்புறம் ஒட்டினாற்போல, உத்தரத்தின் அடிவரை மட்டும் எட்டும் தாங்குசட்டம் ஒன்று நிற்கும். உத்தரத்தின் முனைகள் இத்தாங்குசட்டங்களின் தலையில் அமர்கின்றன. உத்தரத்துக்கும் மேற்சட்டத்துக்கும் நடுவே எஞ்சும் இடைவெளியில் குட்டைச்சட்டங்கள், அதே 16 அங்குல ஒழுங்கில். தாங்குசட்டத்தை விட்டுவிட்டு, முழு நிலைச்சட்டத்தின் ஊடாக உத்தரத்தின் முனையில் ஆணியடித்து முடித்துவிடுவோர் உண்டு. முதற்குளிர்காலத்தில் அது அசையாது. ஈரப்பனி கனத்து இறங்கும் ஏதோவோர் ஆண்டில் உத்தரம் சற்றே இறங்கும். கதவு திறக்க மறுக்கும். அப்பொழுது பலர் கதவைச் சீவுகிறார்கள். சீவ வேண்டியது கதவன்று.

உதாரணக் கொட்டிலின் நீளச்சுவரில் 60 அங்குல அகலமும், தளத்திலிருந்து 80 அங்குல உயரமும் கொண்ட வாசல் அமைவதாகக் கொள்வோம். தாங்குசட்டம் அடிச்சட்டத்தின் மேல் நிற்பதால் அதன் நீளம் 78½ அங்குலம். உத்தரம் இரு தாங்குசட்டங்களின் மீதும் முழுமையாக அமர வேண்டும் ஆதலால் அதன் நீளம் 60உம் 3உம் சேர்ந்து 63 அங்குலம். இரு மரங்களை நிமிர்த்தி, அவற்றின் இடையே அரை அங்குலப் பிளைவூட்டை வைத்து ஆணியடித்தால் மொத்தத் தடிப்பு 3½ அங்குலமாகி, சுவரின் தடிப்போடு ஒத்துப்போகும். உத்தரத்தின் உயரம் என்னவாக இருக்க வேண்டும் என்பதை ஊகிக்கக் கூடாது. வாசலின் அகலம், அது தாங்கும் கூரையின் நீட்டம், அவ்வூரின் பனிப்பாரம் ஆகிய மூன்றையும் கொண்டு கட்டடக் கோவையின் அட்டவணையில் பார்த்தே அளவைப் பெற வேண்டும். கட்டி முடித்த கடைக்கதவு ஒன்றை வாங்குவதாயின், எவ்வளவு இடம் விட வேண்டும் என்று உற்பத்தியாளர் தரும் அளவையே பின்பற்ற வேண்டும்.

இயலுமாயின் பெரிய வாசலைக் கூரை சாய்ந்து அமராத குறுகிய சுவரில் வைப்பது நன்று. கைமரங்கள் நீளச்சுவர்களில் அமர்வதால் குறுகிய சுவரில் விழும் பாரம் மிகவும் குறைவு.

கராஜின் கதி வேறு. வாகனக் கதவு 8 அல்லது 9 அடி, இரட்டைக் கதவு 16 அடி. அவ்வளவு தூரத்துக்கு எல்.வி.எல். எனப்படும் ஒட்டுமர உத்தரம் போன்ற பொறியியல் மரம் தேவைப்படலாம். அதன் அளவு அனுமதிப் படத்தில் குறிக்கப்பட்டிருக்கும். கதவின் இருபுறமும் எஞ்சும் ஒடுக்கமான சுவர்த் துண்டுகளே பக்கவாட்டுக் காற்றை எதிர்க்கின்றன. அவற்றில் யன்னல் வைத்து அழகுபார்க்கலாகாது.

கிடத்திச் செய்து நிமிர்த்தல்

சுவரைத் தளத்தின் மீது கிடத்தியே பொருத்துவது வழக்கம். அடிச்சட்டத்தின் ஊடாகவும் முதல் மேற்சட்டத்தின் ஊடாகவும் ஒவ்வொரு நிலைச்சட்டத்தின் முனையிலும் 3¼ அங்குல ஆணி இரண்டு அடிக்க வேண்டும். ஆணியடிக்கும் துப்பாக்கி வேலையை விரைவாக்கும். ஆனால் அதன் ஆணி மரக்கணுவில் பட்டு வளைந்து பக்கவாட்டில் வெளியே வரக்கூடும். மரத்தைப் பிடித்திருக்கும் கை ஆணி செல்லும் இடத்திலிருந்து ஆணியின் நீளத்துக்கும் அதிகமாகவே விலகியிருக்க வேண்டும். கண்கவசம் இன்றித் தொடங்கவே கூடாது.

வாசல் உள்ள இடத்திலும் அடிச்சட்டத்தை இப்போது வெட்டாமல் முழுவதாகவே விட வேண்டும். சுவரை நிமிர்த்தும்போது அது அகலாமல் பிடித்திருக்கும். நிமிர்த்தி இறுக்கிய பின்னர் வாசலுக்குள் உள்ள துண்டை அறுத்தெடுக்கலாம்.

கிடக்கும் சுவரின் மூலைவிட்டங்களை அளந்து சமப்படுத்திய பின், உறைப்பலகையையும் கிடந்த நிலையிலேயே அடித்துவிடலாம். ஏணியில் நின்று அடிப்பதை விட இது எளிது. ஆனால் பாரம் கூடும். உறையில்லாத 14 அடிச் சுவர் ஏறத்தாழ 90 கிலோ. பலகை அடித்தால் ஏறத்தாழ இருமடங்கு. ஆள்பலம் குறைவாயின் வெறுஞ்சட்டத்தை நிமிர்த்திவிட்டுப் பிறகு பலகை அடிப்பதே அறிவு.

காயங்கள் பெரும்பாலும் நிகழக்கூடிய கட்டம் சுவரை நிமிர்த்துவது. நான்கு பேராவது வேண்டும். அவர்களில் ஒருவர் மட்டுமே கட்டளை சொல்ல வேண்டும். சுவரின் அடி வழுக்கிப் போகாதபடி தளத்தின் வெளியோரத்தில் தடுப்புக்கட்டைகளை முன்பே பொருத்த வேண்டும். நிமிர்ந்த சுவரைத் தாங்கும் சாய்வுக்கட்டைகள் ஒவ்வொரு முனையிலும் ஓர் ஆணியில் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருக்க வேண்டும்; சுவர் நின்ற பிறகு கட்டை தேடி ஓடுவதற்கு நேரமிராது. பிள்ளைகள் அன்று வளவில் இருக்கக் கூடாது. பலகை அடித்த சுவரின் பரப்பு 112 சதுர அடி. அது ஒரு பாய்மரப் பாய்க்குச் சமம். காற்று வீசும் நாளில் நிமிர்த்துவதை மறுநாளைக்கு ஒத்திவைக்க வேண்டும்.

அடிச்சட்டத்தின் கீழ் மெல்லிய நுரைநாடா ஒன்றை விரிக்க வேண்டும். தளத்தில் பதிக்கப்பட்டுள்ள ஆங்கர் போல்ட்டுகள் அடிச்சட்டத்தின் துளைகளின் ஊடாக மேலே வரும். அகன்ற வளையமிட்டு நட்டால் இறுக்க வேண்டும். அவை அரை அங்குல விட்டத்துக்குக் குறையாமலும், 2.4 மீற்றருக்கு மேற்பட்ட இடைவெளி இல்லாமலும் இருப்பது விதி. எனினும் இடைவெளியை மட்டும் கணக்கிட்டால் போதாது. வாசலுக்காக அடிச்சட்டம் அறுக்கப்பட்ட பின் அது இரண்டு துண்டுகளாகிவிடுகிறது. உதாரணக் கொட்டிலில் வாசல் நடுவில் அமைந்தால் ஒவ்வொன்றும் 54 அங்குலம். ஒவ்வொரு துண்டுக்கும் இரு போல்ட்டுகளாவது இருந்தால்தான் அது சுழலாமல் நிற்கும். ஆகவே கொங்கிறீற்று ஊற்றும் நாளிலேயே வாசல் எங்கே என்பது முடிவாகியிருக்க வேண்டும்.

நான்கு சுவர்களும் நின்று, நீர்மட்டத்தால் நிலைக்குத்துப் பார்த்து, மூலைகளில் ஒன்றோடொன்று ஆணியடிக்கப்பட்ட பின்னரே இரண்டாவது மேற்சட்டம் ஏறும். அது மூலையில் எதிர்மாறாக ஓட வேண்டும். கீழ்ச்சட்டத்தில் நீளச்சுவர் மூலைவரை ஓடியது. இப்போது குறுகிய சுவரின் சட்டம் 120 அங்குல நீளத்தில் மூலைவரை ஓடி நீளச்சுவரின் மேல் படியும். நீளச்சுவரின் மேலடுக்கு 161 அங்குலமாகக் குறையும். விரல்களைக் கோத்துக்கொள்வது போன்ற இப்பிணைப்பே நான்கு சுவர்களையும் ஒரு பெட்டியாக்குகிறது.

உறைப்பலகையின் விளிம்புகளில் 6 அங்குலத்துக்கு ஓர் ஆணியும் நடுச்சட்டங்களில் 12 அங்குலத்துக்கு ஓர் ஆணியும் அடிக்க வேண்டும். ஆணித்தலை பலகையின் மேற்பரப்போடு சமமாக நிற்க வேண்டும். பலகையைக் கிழித்து உள்ளே புதைந்த ஆணி பாதிப் பிடியையும் இழந்துவிடுகிறது. இரு பலகைகளின் இடையே 2 முதல் 3 மில்லிமீற்றர் இடைவெளி விட்டால் ஈரத்தில் ஊதினாலும் மடியாது. உறைப்பலகை முழுவதும் அடிபடும்வரை சாய்வுக்கட்டைகளைக் கழற்றக் கூடாது. மாலையில் வேலையை நிறுத்திவிட்டுப் போகும்போது கட்டை ஆணிகளை ஒருமுறை தட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

சுவரை வெளியே தள்ளும் கூரை

முகட்டில் சந்திக்கும் இரு கைமரங்கள் பனியின் பாரத்தில் கால்களை விரிக்க முயலும். விரிந்தால் சுவர்களின் தலை வெளியே சாயும். அதைத் தடுப்பவை எதிரெதிர்ச் சுவர்களின் மேற்சட்டங்களை இணைக்கும் குறுக்கு மரங்கள். ஏணி, பாய்ப்படகு, நீளக்குழாய் முதலியவற்றை நிமிர்த்தி வைக்க இடம் வேண்டுமென்று இரண்டொரு குறுக்கு மரங்களை அறுத்துவிடும் வழக்கம் பழைய கராஜ்களில் பரவலாகக் காணப்படுகிறது. முகட்டுக்கோடு நடுவில் தொய்ந்திருக்கும் கராஜ் ஒன்றினுள் சென்று பார்த்தால், பெரும்பாலும் அங்கே ஒரு குறுக்கு மரம் இல்லாதிருக்கும். ஒவ்வொரு கைமரத்தின் அடியையும் மேற்சட்டத்தோடு உலோகப் பட்டியால் பிணைக்க வேண்டும். ஹரிக்கேன் டை என்று கேட்டால் கடையில் கிடைக்கும். அதன் துளைகள் எல்லாவற்றிலும், உற்பத்தியாளர் கூறும் அளவு ஆணியே இருக்க வேண்டும். கறுப்புத் திருகாணி அதற்கு ஆகாது, வளையுமுன் முறிந்துவிடும்.

அனுமதி பெற்ற கராஜாயின், சட்டவேலை முடிந்ததும் நகரசபையின் பரிசோதகரை அழைக்க வேண்டும். அவர் பார்த்து முடிக்கும்வரை உட்புறத்தை மூடக் கூடாது. மூடிய இடத்தைத் திறந்து காட்டும்படி பணிக்க 1992ஆம் ஆண்டின் கட்டடக் கோவைச் சட்டம் தலைமைக் கட்டட அதிகாரிக்கு அதிகாரம் தருகிறது. கொட்டிலுக்குப் பரிசோதகர் வரமாட்டார். அங்கு பார்க்க வேண்டியவர் வீட்டுக்காரரே. முதற்குளிர்காலம் கழிந்து மரம் நன்கு உலர்ந்தபின், அடிச்சட்டத்தின் நட்டுகள் சிறிது தளர்ந்திருக்கும். வசந்தத்தில் குறடு கொண்டு அவற்றை மீண்டும் ஒருமுறை இறுக்கிவிட வேண்டும்.